நாலு பேர் எடுத்த படம்

இது நடந்தது. விலாசினியிடமும் பெர்த்தாவிடமும் தனித்தனியாகக் கேட்டு, நேரம் குறித்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதப்படுகிறது. இருவர் சொன்னதிலும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. பேய் இல்லை என்பவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.

1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் காரணமாகப் பாறசாலைப் பக்கமெல்லாம் தடையுத்தரவு. ஐந்து பேர் ஓரிடத்தில் நின்றால் சட்டவிரோதக் கூட்டம். அதனால் விலாசினி எண்ணி மூன்று பேரை மட்டுமே கூட்டி வந்திருந்தாள். திருவனந்தபுரத்தில் அவள் படித்த கல்லூரியில் படக்கழகம் ஒரு போட்டி வைத்திருந்தது. மர்மப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துத் தரவேண்டும். கழகத்தின் சிறிய சினிமா கேமரா, சாவி கொடுத்து ஓடுவது, அவள் தோளில் தொங்கியது. செங்கலுக்குப் போகும் வழியில், ஓடைப் பாலத்தருகே இடம் பார்த்தாள். கிருஷ்ணன்குட்டி தனியாக நடந்து வருவான். விஜயதாஸ் மறைந்திருந்து பின்தொடர்வான். பெர்த்தா காட்சிகளைக் குறித்துக்கொள்வாள்.

மணி மூன்று நாற்பது. நல்ல வெயில். கிருஷ்ணன்குட்டி நடந்து வந்தான். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“எலே விஜயதாஸே, இவ்வளவு பக்கத்திலயா வருவே? கழுத்தில மூச்சு படுது.”

“நான் இஞ்சதான் நிக்கேன்” என்றான் விஜயதாஸ். குரல் எதிர்ப்புறப் புதரிலிருந்து வந்தது.

“பேடிச்ச மூஞ்சி நல்லா இருக்கு. அப்படியே நட” என்றாள் விலாசினி.

நான்கு பத்துக்கு ஓடைக்கு அக்கரையிலிருந்து ஒரு விசில். கான்ஸ்டபிள் பரமசிவன். ஆற்றிங்கலிலிருந்து மாற்றலாகி வந்து மூன்றே நாள். ஊரில் ஒருவரையும் தெரியாது.

“அஞ்சு பேரு கூடப்பிடாதுன்னு உத்தரவு உண்டே, தெரியாதா?”

“நாங்க நாலு பேராக்கும்” என்றாள் விலாசினி.

“எனக்கென்ன கண்ணு பொட்டையா? வரிசையா நில்லுங்க.”

கேமராவைப் பாலத்துக் கல்லில் வைத்துவிட்டு அவள் வரிசையில் நின்றாள். அவர் பெயர், வயது, ஊர் கேட்டு நோட்டில் எழுதினார். எங்கோ பக்கத்தில் கர்ர்ர்… என்று ஒரு சத்தம். பூச்சி என்று நினைத்தாள். நான்காவதாக விஜயதாஸ் பெயர் சொல்லி முடித்தான். பரமசிவனின் பேனா நிற்கவில்லை. இன்னும் ஒரு வரி எழுதியது. பிறகு கல்லிலிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு அவர்களை ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார்.

ஸ்டேஷன் வாசலில் தங்கபாய் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு நாளாக அங்கேதான். ஆகஸ்ட் 12 இரவு தன் கணவன் சுயம்புவைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவள். பிடிக்கவேயில்லை, தலைமறைவாகிவிட்டான் என்றது போலீஸ். அவனைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அவள் கோர்ட்டில் மனு போட்டிருந்தாள். அடுத்த வாரம் விசாரணை.

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி வாசித்தார். ஐந்தாவது வரியில் கண் நின்றது.

‘சுயம்பு, வயது 34, செங்கல்.’

“எங்கே… இந்த ஆள் எங்கே?”

“கூடத்தான் நடந்து வந்தாரு ஸார். இந்தா…” பரமசிவன் திரும்பிப் பார்த்தார்.

வாசல் காலியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். முகம் துடைத்தார். பிறகு ஏதோ பிடிபட்டதுபோல ஒரு வெள்ளைத்தாளை விலாசினி பக்கம் தள்ளினார்.

“சுயம்பு கூட இருந்தான்னு நாலு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடு மோளே. கேஸ் இல்லை. கேமராவோட வீட்டுக்குப் போகலாம்.”

எழுதினால் சுயம்பு உயிரோடு ஊர் சுற்றுகிறான் என்றாகும். தங்கபாயின் மனு அன்றோடு முடியும்.

“எழுதிக் குடுத்திட்டுப் போவோம்” என்று கிருஷ்ணன்குட்டி முணுமுணுத்தான். “ஆறு மணிக்குப் பஸ்ஸாக்கும்.”

“நாங்க நாலு பேரு ஸார்” என்றாள் விலாசினி. “நாலுன்னா நூறு தடவை எழுதித் தாறேன்.”

“படிப்பு போகும்.”

“போட்டும்.”

“எனக்கும் நாலுதான் ஸார் தெரியும்” என்றாள் பெர்த்தா.

படிப்பு போகத்தான் செய்தது. நால்வர்மீதும் கேஸ். கேமரா பறிமுதல். கையெழுத்து இல்லாததால் பரமசிவனின் நோட்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. மனு தள்ளுபடியாகாமல் நின்றது.

1956 டிசம்பரில் கேஸை வாபஸ் வாங்கினார்கள். கேமரா திரும்ப வந்தது. உள்ளே பிலிம் அப்படியே இருந்தது. விலாசினி அதைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கினாள். 1957 பிப்ரவரி 9, மாலை ஆறரை. பெர்த்தா வீட்டுச் சுவரில் நால்வரும் போட்டுப் பார்த்தார்கள்.

கிருஷ்ணன்குட்டி நடக்கிறான். திரும்புகிறான். அவள் எடுத்ததுதான்.

அடுத்த காட்சியை அவள் எடுக்கவில்லை.

வரிசையாக நான்கு பேர். விலாசினி, பெர்த்தா, கிருஷ்ணன்குட்டி, விஜயதாஸ். பரமசிவன் எழுதுகிறார். நிமிர்கிறார். நேராகக் கேமராவைப் பார்க்கிறார். உதடு அசைகிறது… ஏதோ கேட்கிறார்.

காத்திருக்கிறார்.

தலையசைத்து எழுதுகிறார்.

பிறகு கேமரா திரும்பியது. மெதுவாக… ஓடையோரமாக நடந்தது. ஒரு முந்திரி மரம். அதன் அடியில் தரை.

தரை.

தரை மட்டுமே. பிலிம் தீரும்வரை.

“எனக்கு இந்த மரம் தெரியும்” என்றான் விஜயதாஸ்.

மறுநாள் தங்கபாயும் ஊராரும் சேர்ந்து தோண்டினார்கள். மூன்றடியில் கிடைத்தது. மணிக்கட்டு எலும்புகளில் விலங்கு பூட்டியபடியே இருந்தது. போலீஸ் விலங்கு. அதன் எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடினார்கள். ஆகஸ்ட் 12 அன்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தது. திரும்ப வைத்ததாகப் பதிவில்லை.

கொலைக் கேஸ் விசாரணையில் இன்ஸ்பெக்டரின் வக்கீல் விலாசினியைக் கூண்டில் ஏற்றினார். படம் போலி என்றார்.

“அன்றைக்கு அங்கே நாலு பேர்தான் என்று சொன்னது நீதானே?”

“ஓம் ஸார். இப்பவும் நாலுதான்.”

“அப்படியானால் இந்தக் காட்சியை எடுத்தது யார்?”

“நாங்க நாலு பேரும் அதுல நிக்கியோம்லா ஸார்” என்றாள் அவள். “எடுத்தது யாருன்னு உங்க இன்ஸ்பெக்டர்கிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியும்.”