மூலைத் தூணுக்குத் தோண்டிய குழி

உத்தரகோசமங்கைப் பக்கத்து வயல்காட்டுக்காரன் நான். கடல் என்றால் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டு வருகிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை, அந்தப் பெரிய புயல் அடித்த அடுத்த வருஷம், அதே ராமேஸ்வரம் தீவின் வடகடல் கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்கு ஓவர்சியராக அனுப்பினார்கள். என் திறமையைப் பார்த்து அனுப்பினார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு முன்னால் கேட்கப்பட்ட எல்லாருடைய மாமனாருக்கும் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. எனக்கு அப்போது மாமனார் இல்லை.

சாலை கிடையாது. ஜீப் மணலில் புதைகிற இடம்வரை ஜீப். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடை. குப்பத்தில் பழைய ஓலைவீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதிதாகக் கட்டிக்கொண்டவையும் ஓலைதான். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால், ஊர் முழுவதும் ஏறி நிற்கிற மாதிரி தூண்களின் மேல் ஒரு கான்கிரீட் கூடம் எழுப்ப வேண்டும். கடல் உள்ளே வந்தால் தண்ணீர் தூண்களுக்கு நடுவே ஓடிவிடும், ஜனங்கள் மேலே இருப்பார்கள்.

அதற்கு மேடு வேண்டும். தோசைக்கல் மாதிரி தட்டையான அந்தக் கரையில் மேடு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது கல்லறைத் தோட்டம். புயலில் செத்தவர்களை அவசர அவசரமாக அடக்கம் பண்ணியிருந்ததும் அங்கேதான்.

ஊர்த் தலைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மேட்டின் பக்கம் திரும்பினார்.

"வேற மேடு எங்கன சார் இருக்கு? கட்டுங்க. ஆனா ஒரு எலும்பு மேல கடப்பாரை படக் கூடாது. பட்டுச்சு, எங்காளுக ஒங்களயும் அங்கனயே அடக்கம் பண்ணிருவாக."

"இந்த ஒடம்புக்குப் பெட்டி அடிக்க ஒங்க ஊர்ல பலகை இருக்கா தலைவரே?" என்று வயிற்றைத் தட்டிக்காட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ஒரு கல்லறையைக்கூடத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றைக்குமே தாராளம்.

சிலுவைகளையெல்லாம் அளந்து, அவற்றின் இடைவெளிகளில் தூண்கள் வருகிற மாதிரி படம் போட்டேன். நண்டு நடந்த தடம்போல் இருந்தது. இலாகாவில் பார்த்தால் சிரிப்பார்கள். இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் முளையடிக்கப் போனால், நான் தூண் வைத்திருந்த இடத்தில் ஒரு சிலுவை நிற்கிறது. பனைமட்டையைக் கயிற்றால் கட்டிய சிலுவை. நேற்று அளக்கும்போது கண்ணில் படவில்லை போலும் என்று என்னையே திட்டிக்கொண்டு, படத்தை அழித்துப் போட்டேன். அடுத்த நாள் இன்னும் சில. அதற்கும் அடுத்த நாள் மேலும் சில.

பரமக்குடியிலிருந்து கூட்டிவந்திருந்த கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "சார், உள்ள இருக்கவுக குட்டி போடுறாகளா?" என்றார்.

தலைவரைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னார். ஆத்துமாக்கள் திருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும். கடல் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்களுக்கு எங்கே ஏற்றுவது? கல்லறைகளைத் தொடாமல் மீதி இடமெல்லாம் தூண் நடப்போகிறார்கள், ஆக இருக்கிற இடம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும், உடல் கிடைக்காத வீட்டுக்காரர்கள் ஆளுக்கோர் இடம் பிடித்துவிட்டார்கள். ரயிலில் துண்டு போடுகிற மாதிரி. சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அவற்றையும் சேர்த்தே வளைத்து, நெளித்து, கம்பிக் கணக்கைத் திரும்பப் போட்டு ஒருவழியாக எல்லாத் தூண்களுக்கும் இடம் கண்டுபிடித்தேன், ஒன்றைத் தவிர. வடகிழக்கு மூலைத் தூண். அது நிற்க வேண்டிய இடத்தில், உடைந்த துடுப்பில் குறுக்குக் கம்பு கட்டிய ஒரு சிலுவை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உண்மையான கல்லறை ஒன்றின்மேல் போய் நின்றது.

துடுப்புக்காரரைத் தேடிப் போனேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். புயலில் அவர் மகன் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்த மகன். போகிற வழியில் இரண்டு வேடிக்கைப் பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் மறந்துவிட்டன.

"அண்ணாச்சி, அந்தத் துடுப்பு..."

"தெரியும் சார். தலைவரு சொன்னாரு."

"உள்ள ஒன்னும் இல்லேல்ல? கொஞ்சம் தள்ளி நட்டுக்கிட்டா..."

வலையைக் கீழே விட்டார். "எலும்புன்னு ஒன்னு இருந்தா நானே தோண்டி எடுத்து வேற எடத்துல வச்சிருவேன் சார். ஒன்னுமே இல்லாதத எப்பிடித் தோண்டி எடுக்குறது? அந்த எடந்தான் சார் எம்மவென்."

பேச்சை மாற்றுகிற சாக்கில், "கூடத்த ஒரு தூண் வரிசை கொறச்சுக் கட்டிரலாம்" என்றேன்.

"கொறச்சா?"

"எடம் கொறையும்."

"எத்தன பேரு வெளிய நிப்பாக?"

"நாலஞ்சு வீட்டு ஆளுக இருக்கும்."

வலையை மறுபடி எடுத்து, ஒரு கண்ணிகூடச் சிக்காத அதில் சிக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மேட்டில் அவர் நின்றார். துடுப்பைத் தானே பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். "குழிய நான் தோண்டுறேன் சார்" என்றார். நான் சுண்ணாம்பில் சதுரம் போட்டுக் கொடுத்தேன். அவர் அந்தச் சதுரத்தைப் பார்க்கவே இல்லை. கிழக்கு மேற்காக, ஒரு ஆள் நீளத்துக்குத் தோண்ட ஆரம்பித்தார்.

கொத்தனார் பதறினார். "சார், குழி கோணுது! சொல்லுங்க சார்!"

"தோண்டட்டும். அடிமானத்த நீளமாப் போட்டுக்கிருவோம். அந்த மூலையில மண்ணு லேசு."

பிற்பாடு பெரிய இன்ஜினீயர் வந்து அந்தத் தூணின் அடிமானம் ஏன் இப்படி என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். நல்ல முன்யோசனை என்று முதுகில் தட்டினார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

குழி முடிந்தும் துடுப்புக்காரர் மேலே வரவில்லை. அடியில் குந்தி, தரையை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தார். கலந்த கலவை இறுகத் தொடங்கியது. கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதை ஓரமாகக் கொட்டிவிட்டு வேறு கலந்தார்கள். தலைவர் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்ட பிறகு கம்பிக்கூட்டை இறக்கினோம்.

அதற்குள் ஊரே வந்திருந்தது. அடக்கத்தில் ஆளுக்கொரு பிடி மண் போடுவது அவர்கள் வழக்கம். ஆனால், குழிக்குள் ஒரு சிட்டிகை மண் விழுந்தாலும் தூண் கெட்டுப்போகும் என்று நான்தான் முதல்நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்தேனே! கூட்டம் தயங்கி நின்றது. அப்போது அந்த மனிதர் கலவைச் சட்டியில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டார். அடுத்து அவர் மனைவி. அப்புறம் ஒவ்வொருவராக, அள்ளி அள்ளி. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுத் தானும் ஒரு பிடி போட்டார். கடைசியாக நான் போட்டேன். சிமெண்டு கையை அரிக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சாயங்காலம் துடுப்புக்காரர் வந்து, "எப்ப சார் காயும்?" என்றார்.

"காயவே விடக் கூடாது அண்ணாச்சி. ஈரமாவே வச்சிருக்கணும். தெனம் நல்ல தண்ணி ஊத்தணும். உப்புத் தண்ணி ஆகாது."

நல்ல தண்ணீர் அந்த ஊரில் மணல் ஊற்றில் சிரட்டையால் கோரி எடுக்கிற சங்கதி. கடலுக்குப் போய் வந்ததும் அவரே குடத்தைச் சுமந்துவந்து ஊற்றுவார். தூண் எழுந்தது, அதற்கும் ஊற்றினார். மழைக்கு முன்னால் மேல்தளமும் போட்டுவிட்டோம். முதல் காற்றுக்கே ஊர் மொத்தமும் மேலே ஏறிவிட்டது, யாரும் வெளியே நிற்கவில்லை. காற்று அடங்கிய மறுநாளும் அவர் குடத்தோடு வந்தார்.

"சார், அது இறுகி ரொம்ப நாளாச்சு. போதும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பாவம், சொமக்குறாரு" என்றார் கொத்தனார்.

நான் சொல்லவில்லை. எனக்கு மாற்றல் வந்து பெட்டியோடு கிளம்பிய அன்றும் அவர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.