கஸ்தூரியின் கண்கள்

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் நாளே முதலாளி ஆல்பர்ட் சார் என்னை ஓர் ஆயில் படத்தின் எதிரில் உட்கார வைத்தார். பெரிய ஓவியர் ஒருவர் வரைந்த அசல். பட்டுப்புடவை கட்டிய நடுவயதுப் பெண்.

“இந்தம்மாவ அப்படியே எறக்கு. சொந்தமா எதுவும் போடாத. சரியா வந்துச்சின்னா ஆர்டர் படம் குடுப்பேன். இல்லன்னா பிரேமுக்கு வார்னிஷ் அடிச்சிக்கினு இரு.”

அது எழுபதுகளின் கடைசி. இறந்தவர்களின் போட்டோவைப் பார்த்து ஆயிலில் பெரிதாக வரைந்து தருவதுதான் எங்கள் தொழில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வார்னிஷ் அடிக்கவா படித்தேன்?

படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரித்தேன். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் நிழல் போட்டு, காய்ந்ததும் தோல் நிறம் ஏற்றினேன். கடைசியாகக் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கும்போதுதான் கவனித்தேன். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது; கண்மணியில் மட்டும் புள்ளி வலப்பக்கம். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று படித்தவள் ஆயிற்றே! ஓவியரைத் திருத்தி, என் நகலில் இடப்பக்கம் வைத்தேன்.

சார் பார்த்தார். “இன்னாமா, அந்தம்மாவ கொன்னுட்டியே.”

அசலில் அவள் என்னைப் பார்த்தாள். நகலில் யாரையும் பார்க்கவில்லை.

“தப்பு அவரோடது சார். வெளிச்சம் ரெண்டு பக்கம் எப்படி வரும்?”

“ரெண்டு பேரு உக்காந்தா வரும். போட்டோ எடுக்கறப்பவே இந்தம்மாவுக்கு உசுரு இல்ல. கண்ணு அவங்க பொண்ணுது. அவள வேற ஜன்னலாண்ட உக்கார வெச்சி போட்டாரு.”

அத்தனை வாரமும் ஒரு பிணத்தின் எதிரில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேன். புள்ளியை வலப்பக்கம் மாற்றினேன். நகலும் என்னைப் பார்த்தது. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

என் முதல் ஆர்டர் சேரப்பணஞ்சேரி முனுசாமியுடையது. அவர் மனைவியை உயிரோடு யாரும் போட்டோ எடுக்கவில்லை. இறந்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்தது மட்டும் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. அவர் மகள் கஸ்தூரியை வரச்சொல்லி, முகத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற ஜன்னலருகே உட்கார வைத்தேன். பெரிய ஓவியர் விட்டதை நான் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

முனுசாமி படத்தைப் பார்த்தார். “வந்துட்டியாடி?” என்றார். அணைத்தபடி எடுத்துப் போனார்.

சில வாரம் கழித்து கஸ்தூரி தனியாக வந்தாள்.

“அக்கா, அப்பா படத்தாண்டயே பேசிக்கினு கீது. என்ன அம்மா பேர் சொல்லி கூப்புடுது. நான் அம்மா இல்லன்னு சொன்னா, ‘கஸ்தூரி எங்க போச்சு’ன்னு என்னாண்டயே கேக்குது. என் கண்ண அதுலேர்ந்து எடுத்துடுக்கா.”

பிரஷ்ஷையும் பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முனுசாமி கழனியில் இருந்தார். கஸ்தூரி படத்தைப் பிடித்துக்கொண்டாள். தோல் நிறத்தைக் குழைத்து இமைகளை இறக்கினேன். இரண்டாவது கண்ணை மூடும்வரை அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முனுசாமி திரும்பி வந்து வெகுநேரம் படத்தின் முன் நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“தூங்கிட்டாளா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கஸ்தூரி, நீ சாப்டியாமா?”

அதற்குப் பிறகு கண்ணுக்காக யாரையும் உட்கார வைப்பதில்லை. போட்டோவில் மூடியிருந்தால் மூடியே வரைகிறேன். சிலர் ஆர்டரை வேறு கடைக்குக் கொண்டு போகிறார்கள். போகட்டும்.