பத்து பதினொன்றுக்குச் சந்தனம்

ஒரே நாளில் ஒரு மனிதன் எத்தனை பட்டறையில் பொரி தின்ன முடியும் என்பதை 1999 ஆயுத பூஜை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பக்தியால் அல்ல, ஒரு ஸ்பானருக்காக.

பழைய ஜெர்மன் கார்களோடு வந்த கருவிச் சுருள்களைச் சேர்ப்பது அந்த நாட்களில் எனக்கும் என் நண்பருக்கும் பிடித்திருந்த பைத்தியம். நண்பர் கோவில்பட்டி மெயின் ரோட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். அப்படிப்பட்ட கார் வாங்க எங்கள் இருவருக்கும் வழியில்லை. டிக்கியில் ரெக்ஸின் துணிக்குள் சுருட்டிக் கிடக்கும் ஸ்பானர், குறடு, திருப்புளி, பிளக் கழற்றும் குழாய் இவை போதும் என்றிருந்தோம். தேடிப் பிடிப்பது அவர் வேலை, எந்தக் காலத்தது என்று சொல்வது என் வேலை. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் நாடு இரண்டான 1949-க்கு முன்னால் போகாது. எழுத்து புடைத்திருக்கிறதா குழிந்திருக்கிறதா, மேற்பூச்சு கறுப்பா வெள்ளையா என்று பார்த்து இன்னும் நெருங்கலாம்.

அந்த ஆண்டு தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் ஒரு தொழிற்சாலையின் கொட்டகையில் நின்றுபோன காரிலிருந்து அருமையான சுருள் ஒன்று கிடைத்தது. முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டியவே தள்ளிட்டுப் போங்கன்னு சொல்லுதேன். இந்தப் பையை மட்டும் எதுக்குக் கேக்கீய?"

சுருளில் ஒரே ஒரு பை காலி. ஒரு முனை பத்து மில்லிமீட்டர், மறுமுனை பதினொன்று என்றிருக்கும் பத்து பதினொன்று ஸ்பானரைக் காணோம். பட்டறைக்காரர்கள் அதிகம் இரவல் வாங்கும் அளவு அது. கார் கடைசிவரை இந்த வட்டாரத்தில்தான் ஓடியது, ஆகவே ஸ்பானரும் இங்கேதான் எங்கோ திருகிக்கொண்டிருக்க வேண்டும். யார் முதலில் கொண்டுவருகிறாரோ அவருக்கே முழுச் சுருளும் என்று பேசிக்கொண்டோம். கிடைத்தது அசலா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும். போட்டியில் நிற்கிறவனே நீதிபதியும் ஆவதா என்று நானே கேட்டேன்.

"உமக்குப் பொய் சொல்ல வராது வே," என்றார் நண்பர். "வருஷம் தப்பாயிருமேன்னு ராத்திரி தூக்கம் வராது உமக்கு."

ஆயுத பூஜையைவிட நல்ல நாள் கிடைக்காது. ஊரிலுள்ள அத்தனை கருவிகளும் கிரீஸ் துடைத்து, கழுவி, வாழையிலையில் வரிசையாகப் படுத்திருக்கும் நாள் அது ஒன்றுதான். உள்ளே போய்க் கும்பிட்டால் போதும், குனிந்து பார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். லேத் பட்டறை, சைக்கிள் கடை, டீசல் மெக்கானிக் என்று கும்பிட்டுக்கொண்டே போனேன். சட்டைப்பை நிறையப் பொரி, வாய் நிறையச் சுண்டல்.

சாயங்காலம் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. மிஷினுக்கு முன்னால் இலையில் ஒரு பத்து பதினொன்று. அதே நீளம், அதே ஒல்லியான இடுப்பு. மற்ற கருவிகளுக்கெல்லாம் பொட்டளவு சந்தனம். இதற்கு மட்டும் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். மூடி வைத்ததெல்லாம் அசல் என்று நம்பிவிடும் புத்தி எனக்கு. விரலை மெல்ல நீட்டினேன்.

"அண்ணாச்சி, தொடாதீங்க!" என்றார் அச்சகக்காரர். "சாமி முன்னால வச்சதை நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்."

"எனக்குத் தருவீங்களா? பதிலுக்குப் புதுசு வாங்கித் தாரேன்."

"தாராளமா. காலையில வாங்க."

காலை வரைக்கும் நண்பர் இங்கே வராமல் இருப்பாரா? வந்து குனிந்தால்? சந்தனம் காய்ந்தால் உதிரும், எழுத்து தெரிந்துவிடும். சந்தனக் கிண்ணத்தை வாங்கி, கண்ணை மூடி உதட்டை அசைத்தபடி, ஸ்பானர் மேல் இன்னொரு கனத்த பூச்சுப் பூசினேன். அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தேன். அச்சகக்காரர் நெகிழ்ந்துபோய் எனக்கு இரண்டு பங்கு பொரி கொடுத்தார்.

மறுநாள் அவர் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். பூஜை முடிந்தது. ஸ்பானரை வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தார். சந்தனம் அடுக்கடுக்காகக் கரைந்தது. அடியில் தெளிவாக இருந்தது: 'மேட் இன் இந்தியா'.

"இதுக்கு யாரு இவ்வளவு சந்தனம் வச்சது?" என்றேன்.

"மேல வச்சது நீங்க. அடியில வச்சது உங்க கூட்டாளி, இரும்புக்கடை அண்ணாச்சி. நேத்து மத்தியானமே வந்து, நான்தான் வைப்பேன்னு அவியளே அப்பிட்டுப் போனாவ. அப்படி என்னதான்யா பக்தி ரெண்டு பேருக்கும்?"

இரும்புக்கடைக்கு நடந்தேன். முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்தது. நண்பர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், முழங்கால் வரை கரிசல் சேறு. பசுவந்தனையில் ஒரு டிராக்டர் மெக்கானிக்கின் பூஜையில் நேற்றுக் காலையே அசலைக் கண்டுவிட்டாராம். அந்த மெக்கானிக்கும் மறுநாள்தான் தருவேன் என்றதால், அதற்குள் நான் அந்தப் பக்கம் வந்துவிடாதபடி என்னை அச்சகத்தில் கட்டிப்போட வேண்டியிருந்ததாம்.

"வெறும் சந்தனத்துல கட்டிட்டேன் பாத்தீரா!" என்று தொடையைத் தட்டினார். பிறகு விடியற்காலையிலேயே போய் வாங்கிவந்த ஸ்பானரை என் கையில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "பாத்துச் சொல்லும்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'மேற்கு ஜெர்மனி'. எழுத்து, பூச்சு, கழுத்தின் வளைவு, எல்லாம் மற்ற ஸ்பானர்களோடு ஒத்துப்போயின. காலிப் பையின் ரெக்ஸினில் பழைய ஸ்பானர் படுத்துக் கிடந்த தடம் இருந்தது. செருகினேன், தடத்தில் அப்படியே படுத்துக்கொண்டது. 'இது வேற வருஷம்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"அசல்தான்," என்றேன். "உமக்கே."

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் அந்தச் சுருளை இலையில் விரித்து வைத்து ஊரையே கூப்பிட்டார். விளக்கிச் சொல்ல நான் வேண்டுமே. ஒவ்வொரு கருவிக்கும் காலம் சொல்லிக்கொண்டே வந்து, பத்து பதினொன்றில் மட்டும் லேசாகச் செருமிவிட்டு அடுத்ததற்குப் போனேன். வந்தவர்கள் உடனே சந்தேகத்தோடு குனிந்து அதையே உற்றுப் பார்த்தார்கள்.

"அதுக்கும் சொல்லும் வே!" என்றார் நண்பர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்லுதேன், சொல்லுதேன்," என்று பொரித்தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.