தலையை நிமிர்த்தச் சொன்ன காலை

போரால் இடம்பெயர்ந்து வன்னியில், ஸ்கந்தபுரத்தில் இருந்த காலத்தில், தாய் சேய் கிளினிக் ஒன்றில் எனக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம்தான் கையிருப்பு. அங்கிருந்த வெளிநாட்டு நேர்ஸ் வேகமாகக் கதைப்பார். பாதி விளங்கும். மீதியை நானே ஊகித்துக்கொள்வேன்.

ஒருநாள் காலை, மரத்தடியில் பிள்ளைகளோடு காத்திருந்த தாய்மாருக்கு முன்னால் வந்து நின்று கையைத் தட்டினார். "ஹெட்ஸ் அப்!" என்றார். அடுத்து என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவேயில்லை; அந்த முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். ஹெட்ஸ் என்றால் தலைகள், அப் என்றால் மேலே. பிள்ளைகளுக்குத் தொண்டை பார்க்கப்போகிறாரோ? தாய்மாருக்குமா?

"எல்லாரும் தலையை நிமிர்த்தி மேல பாருங்கோ" என்றேன்.

அந்த நாட்களில் மேலே பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரே காரணம்தான் இருந்தது: குண்டு போட வரும் விமானம். "ஐயோ, பொம்மர்!" என்று யாரோ கத்த, பிள்ளைகளை வாரிக்கொண்டு எல்லோரும் பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். நேர்ஸும் பின்னால் ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினார்.

"பிளேன் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்."

"நானா?"

மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் குடியேறிய ஒரு அம்மா, "எனக்குச் சத்தம் கேட்டுச்சு" என்று அடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கும் கேட்பது போலத்தான் இருந்தது.

பொம்மர் வரவில்லை. தாய்மார் ஒவ்வொருவராக வெளியே ஏறி, பயத்தில் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு நேர்ஸ் விளக்கினார்: ஒரு விசயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கும்போது அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்களாம்.

"அப்படியென்றால் தலை எதற்கு?"

யோசித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. மருந்து எடுக்க வவுனியாவுக்குப் போவதால் மறுநாள் கிளினிக் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தாராம்.

மறுநாள் பூட்டிய கதவுக்கு முன்னால் தாய்மார் நிறைந்திருந்தார்கள். விசுவமடு அம்மா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்தபடி என்னைக் கேட்டார்:

"ஏம்மா, இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேர்ஸ் சொன்னவா, அம்மா."

"எப்ப?"

"நான் உங்களை மேல பார்க்கச் சொன்னனே, அப்பதான்."