குளிர்கால டயருக்குத் தேசிக்காய்

எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மனைவிக்கு வேலை கிடைத்தது. பனிக்காலத்தில் அவள் மலைக்கணவாயைக் கடக்க வேண்டுமென்று, வேகமான பெரிய எஸ்யூவி ஒன்றை வாங்கி, திரிம்பாக் கோயிலில் பூசையும் செய்வித்தோம். நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு எந்த டயரும் போதும் என்று நினைத்திருந்தேன். கராஜ்காரரோ குளிர்காலத்துக்கென்று ஒடுக்கமான டயரை எடுத்து வைத்தார்.

இவ்வளவு பெரிய வண்டிக்கு ஏன் ஒடுக்கமானது? கேட்கக் கூச்சமாக இருந்தது. கராஜ் முற்றத்துக் குளிரில் கிடந்த இரண்டு வகையையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். கோடை டயர் பலகைபோல் இறுகியிருந்தது. மற்றது கொஞ்சம் அமுங்கியது. அதைக் கவனித்த கராஜ்காரர், வண்டியை இழுப்பது எஞ்சின், நிறுத்துவது டயர் என்றார். ஒடுக்கமானது பனியை வெட்டிக்கொண்டு தரையைப் பிடிக்குமாம். அதையே பூட்டச் சொன்னேன்.

வண்டியை எடுக்க வந்த மனைவி, "இஞ்சருங்கோ, திரிம்பாக் கோயில்ல தேசிக்காய் நசிச்சது பழைய டயராலயெல்லோ?" என்றாள்.

"பூசை வண்டிக்குத்தானே, டயருக்கோ?"

"அப்ப ஐயர் ஏன் டயருக்குக் கீழ வைச்சவர்? மலையால போறது நான்."

பக்கத்துக் கடையில் நான்கு தேசிக்காய் வாங்கிவந்து சில்லுகளுக்கு முன்னால் வைத்தேன். கராஜ்காரர் குனிந்து பார்த்து, "இது பிடிமானத்துக்கா?" என்று கேட்டார். ஓமென்று தலையாட்டினேன்.

மனைவி அவற்றை நசித்துக்கொண்டு போய், உறைபனி படிந்த முற்றத்தின் நடுவில் பிரேக்கை அழுத்தினாள். வண்டி வழுக்காமல் நின்றது.

"நிக்குது," என்றாள் கண்ணாடியை இறக்கி.

கராஜ்காரர் நசிந்த தேசிக்காய் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார்.