கிரகணப் பிள்ளை

கஞ்சி போட்ட சட்டையின் கைநுனி உராய்ந்து உராய்ந்து என் இடது மணிக்கட்டு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலிலும் அம்மா எனக்கு முழுக்கைச் சட்டைதான் போட்டுவிடுவாள், அதிலும் இடது கையை மட்டும் நாலு விரற்கடை நீளமாகத் தைக்கச் சொல்லி. அந்த நீளத்துக்குள் கை இல்லை. மணிக்கட்டு முடிகிற இடத்தில் துவரம்பருப்பு அளவில் ஐந்து சதைமொட்டுகள் மட்டும் இருந்தன, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஓடைப்பட்டியில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் 'கிரகணப் பிள்ளை'.

அம்மா என்னைச் சுமந்த ஏழாம் மாதத்தில் சூரிய கிரகணம் வந்ததாம். அன்று அவள் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் நின்று கத்தரிக்கோலால் குலைகளை வெட்டினாள், அதனால்தான் வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் கை போனது என்பது எங்களோடு வாழ்ந்த அப்பாவின் அக்கா கண்ட முடிவு. "பழத்தையா வெட்டுனா? பெத்த பிள்ளை கையையில்ல வெட்டிப்புட்டா" என்று அத்தை வருவோர் போவோரிடமெல்லாம், அம்மாவின் காதுபடவே சொல்வாள். 'பிள்ளைத்தாச்சி'ப் பெண்கள் அம்மா எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள். வளைகாப்புக்கு யாரும் அவளை அழைத்ததில்லை. எனக்குப் பிறகு அவள் வேறு பிள்ளை பெறவும் துணியவில்லை.

நாலாம் வகுப்பில் ஆண்டுவிழாக் கும்மியிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். அழுதபடி வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ ஏம்மா அன்னைக்குக் கத்தரிக்கோலத் தொட்ட?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "தெரியாமச் செஞ்சுட்டேன்த்தா" என்று மட்டும் சொன்னாள்.

பல வருடங்களுக்குப் பின் நான் கருவுற்றபோது, தேனியில் ஒரு மருத்துவரிடம் பயந்து பயந்து இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கை உருவாகுறது ரெண்டாவது மாசத்துக்குள்ளயே முடிஞ்சிரும்மா. ஏழாம் மாசத்துல எதை வெட்டினா என்ன? முக்கால்வாசிப் பேருக்குக் காரணமே தெரியறதில்ல. உங்கம்மா ஒரு தப்பும் பண்ணல" என்றார்.

பஸ் பிடித்து ஓடைப்பட்டிக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாக அவள் அதைச் சொன்னாள்.

"உங்கப்பாருதான் கூப்புட்டாக. லாரி நிக்குது, ஆள் பத்தலைன்னாக. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"அவுகளே சொல்வாகன்னு இருந்தேன்."

இன்று அப்பா இல்லை, அத்தையும் இல்லை. திராட்சைப் பந்தல் நின்ற இடம் வீட்டுமனைகளாகிவிட்டது. என் மகள் பத்து விரல்களோடு பிறந்தபோது தெருவே வந்து பார்த்தது. அம்மா மட்டும் பிள்ளையைத் தொடத் தயங்கி வாசலிலேயே நின்றாள். அவளைக் குற்றவாளியாக்கிய அந்த வீட்டாரில் இப்போது மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான்.