மெர்சிங் ஜெட்டியில் நான் பேசிய இத்தாலி

இன்று மெர்சிங் ஜெட்டியில், தீவுக்குப் படகு ஏறும் இடத்தில், ஓர் இத்தாலிக்காரப் பெண்மணி என்னிடம் ஓடி வந்தார். "ஐ லாஸ்ட் மை ஹஸ்பண்ட்!"

கணவரை இழந்தவர், பாவம் என்று உருகிப்போனேன். கப்பலில் ஐந்நூறு இத்தாலியர்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான். பாதி இத்தாலி அத்துப்படி. அவர் மொழியிலேயே ஆறுதல் சொன்னேன்.

"மரீத்தோ மோர்த்தோ." கணவர் செத்துவிட்டார்.

நான் செய்தி கொண்டுவந்ததாக நினைத்து, அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அலறினார்.

டிக்கெட் விற்கும் செல்வி கத்தினாள்: "அலமாக் அங்கிள்! புருஷன தொலைச்சிட்டுத் தேடுறாங்க லா! அவரு அங்க தண்ணி வாங்குறாரு!"

கணவர் வந்து கட்டிப்பிடித்த பிறகும் அந்த அம்மாவின் அழுகை ஓயவில்லை. படகு ஏறும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. மனசே சரியில்லை.

நாளை மறுநாள் தீவிலிருந்து திரும்புகிறார்கள். இத்தாலியில் மன்னிப்புக் கேட்பது எப்படி? தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். யாரும் சாகாத வார்த்தையாக இருக்கட்டும்.